ஒரு சிக்னல்மேனுக்கு நீண்ட அஞ்சலி: டக்ளஸ் மன்ரோவின் நினைவு எப்படி நிலைத்தது?

அமெரிக்காவின் மிக உயரிய ராணுவ விருது மெடல் ஆஃப் ஆனர். கடலோரக் காவல்படையில் ஆற்றிய பணிக்காக அதைப் பெற்றவர் இன்றுவரை ஒரே ஒருவர்: டக்ளஸ் ஆல்பர்ட் மன்ரோ. 1942 செப்டம்பர் 27 அன்று, தென் பசிபிக்கில் குவாடல்கனால் தீவுக் கரையில் இறந்தபோது அவருக்கு வயது 22. இன்று வாஷிங்டன் நகரில் அந்தப் படையின் தலைமையகக் கட்டடம் அவர் பெயரில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் கேப் மே பயிற்சி மையத்தில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் அவர் சிலையைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். பசிபிக்கில் ஒரு பெரிய ரோந்துக் கப்பல் அவர் பெயருடன் சுற்றுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால், ஒரு படை தன் நாயகனைக் கொண்டாடும் வழக்கமான கதைதான். ஆனால் தலைமையகத்துக்கு அவர் பெயர் கிடைத்தது 2013ல். அதற்கு முந்தைய 70 ஆண்டுகளில் பெரும்பகுதி, அந்தப் பெயரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ஒரு தாய், ஒரு நண்பர், ஊர்க்காரர் ஒருவர். இந்த ஆய்வு அவர்கள் என்ன செய்தார்கள், அது ஏன் வேலை செய்தது என்பதைப் பற்றியது. அப்படி யாரும் வாய்க்காதவர்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த நாள்

மன்ரோ கனடாவின் வான்கூவரில் பிறந்தவர். வளர்ந்தது வாஷிங்டன் மாநிலத்தில் சவுத் கிளீ எலம் என்ற சிற்றூரில். கடலோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத மலைப்பகுதி அது. நிலக்கரியும் ரயில்பாதையும்தான் பிழைப்பு. அப்பா ரயில்வே ஊழியர். கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டு, 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் தொடங்கிய சமயத்தில் படையில் சேர்ந்தார். மற்ற படைகளை விட்டுவிட்டுக் கடலோரக் காவல்படையைத் தேர்ந்ததற்கு அவர் வீட்டில் சொன்ன காரணம், உயிர்களைக் காப்பாற்றுவது இந்தப் படையின் வேலை என்பது. சேரும்போதே ரேமண்ட் எவன்ஸ் என்ற இளைஞரோடு நட்பாகிவிட்டது. இருவரும் சிக்னல்மேன்கள், அதாவது கொடியாலும் விளக்காலும் கப்பலுக்குக் கப்பல் செய்தி சொல்பவர்கள். எங்கே போனாலும் சேர்ந்தே போனதால் கூட இருந்தவர்கள் ‘கோல்ட் டஸ்ட் இரட்டையர்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

கடலோரக் காவல்படைக்கும் தென் பசிபிக் தீவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1941 நவம்பரில் அந்தப் படை முழுவதும் கடற்படையின் கீழ் கொண்டுவரப்பட்டது. அலையடிக்கும் கரையில் சின்னப் படகைக் கொண்டுபோய் நிறுத்தி, ஆளை ஏற்றி, கவிழாமல் திரும்பி வருவது அவர்களுக்குக் கைவந்த கலை. கப்பல் உடைந்து தத்தளிப்பவர்களை மீட்டுப் பழகிய கைகள். மரைன் வீரர்களை, அதாவது கடல்வழியாகக் கரையிறங்கிப் போரிடும் படையினரை, இறக்கவும் ஏற்றவும் அதே திறமைதான் தேவைப்பட்டது.

செப்டம்பர் 27 அன்று, ‘செஸ்டி’ புல்லர் என்று பின்னாளில் பெரும்பெயர் பெற்ற லூயிஸ் புல்லரின் மரைன் பட்டாலியனில் ஒரு பகுதி, சுமார் 500 பேர், மட்டனிக்காவ் ஆற்றுக்கு மேற்கே பாயின்ட் குரூஸ் அருகே இறக்கப்பட்டது. இறக்கிய படகுகளை வழிநடத்தியவர் மன்ரோ. வீரர்கள் உள்ளே ஒரு குன்றின் மேல் ஏறியதும் ஜப்பானியப் படை சூழ்ந்துகொண்டது. அவர்களிடம் ரேடியோ இல்லை. பனியன்களைக் கழற்றித் தரையில் விரித்து ‘உதவி’ என்ற பொருள்படும் ஆங்கில எழுத்துகளை அமைத்தார்கள். மேலே பறந்த ஒரு விமானி அதைப் பார்த்துத் தகவல் சொன்னார். லுங்கா முனைத் தளத்தின் பொறுப்பில் இருந்த கடலோரக் காவல்படை அதிகாரி டுவைட் டெக்ஸ்டர், திரும்பப் போய் அவர்களை ஏற்றிவர முடியுமா என்று கேட்டபோது மன்ரோ தயங்கவில்லை.

வீரர்களைக் கரையிறக்கும் அந்த ஹிக்கின்ஸ் படகு பெரும்பாலும் பிளைவுட். குண்டை அது தடுக்காது. கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, மன்ரோ முதலில் ஐந்து படகுகளைக் கரைக்குக் கொண்டுபோனார். மற்றவற்றை வரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, இரண்டு சிறு துப்பாக்கிகள் மட்டுமே இருந்த தன் படகைக் கரைக்கும் ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கும் நடுவே நிறுத்தினார். சுடுபவர்களின் கவனம் தன் பக்கம் திரும்பட்டும் என்பதுதான் கணக்கு. ஏறக்குறைய எல்லோரும் ஏறிவிட்ட நேரத்தில் குண்டு பட்டது.

அதே கரையில் அன்று படுகாயமடைந்து மறுநாள் உயிர்விட்ட கடற்படைப் படகோட்டி சாமுவேல் ராபர்ட்ஸின் பெயரை அமெரிக்கக் கடற்படை அடுத்தடுத்து மூன்று கப்பல்களுக்கு வைத்தது. மன்ரோவைப் பற்றி எழுதுபவர்களில் பலர் ராபர்ட்ஸைச் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள். ஒரே கரை, ஒரே நாள், ஒரே வேலை. வேறு வேறு படை என்பதால் நினைவும் தனித்தனிப் பெட்டிகளில் போய்ச் சேர்ந்துவிட்டது.

சான்றுரை ஒன்று சொல்கிறது, நண்பர் வேறொன்று சொல்கிறார்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது ஒரு சின்ன முரண். மெடல் ஆஃப் ஆனர் சான்றுரை, மன்ரோ எதிரியின் குண்டால் உடனடியாகக் கொல்லப்பட்டார் என்கிறது. ஆனால் கடலோரக் காவல்படையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் மன்ரோவின் கடைசி வார்த்தைகளைச் சொல்வார்கள்: “எல்லோரும் தப்பித்தார்களா?” உடனடியாக இறந்தவர் எப்படிப் பேசுவார்?

பதில் எவன்ஸிடம் இருக்கிறது. அவர் அதே படகில் இருந்தார். தண்ணீரில் குண்டுகள் வரிசையாகத் தெறித்தபடி தங்களை நோக்கி வருவதைப் பார்த்துக் கத்தினார். இன்ஜின் சத்தத்தில் மன்ரோவுக்குக் கேட்கவில்லை. அடிபட்ட மன்ரோ, படகு கரையை விட்டு விலகிய பிறகு ஒரு கணம் நினைவு திரும்பிக் கேட்டதுதான் அந்தக் கேள்வி. ஆம் என்று தலையசைத்ததும் போய்விட்டார். இதுதான் எவன்ஸ் வழியாக வந்த விவரம்.

சான்றுரை பொய் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது விருதுக்காக எழுதப்பட்ட அலுவலக உரை. படகுகளின் எண்ணிக்கை, வீரர்களின் எண்ணிக்கை, தேதி, இடம், ‘உயிரைத் துச்சமாக மதித்து’ என்ற வகைச் சொற்கள் எல்லாம் அதில் உண்டு. கூட இருந்தவரின் காது அதில் இல்லை. இன்று மன்ரோ என்றதும் நினைவுக்கு வரும் ஒரே வாக்கியம், அலுவலக உரையில் இடம்பெறாத, நண்பர் சொன்ன வாக்கியம். இவ்வளவு கச்சிதமான கடைசி வார்த்தை என்றால் எனக்கு வழக்கமாகச் சந்தேகம்தான் வரும். ஆனால் இதைச் சொன்னவர் அடுத்த 70 ஆண்டுகள் உயிரோடு இருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் நேரில் பதில் சொன்னவர். அதோடு, அந்தக் கேள்வியில் வீர வசனம் எதுவும் இல்லை. வேலை முடிந்ததா என்று விசாரிக்கும் ஆளின் கேள்வி அது. அதனாலேயே நம்பத் தோன்றுகிறது.

எவன்ஸுக்கு அந்த நாளுக்காக நேவி கிராஸ் என்ற உயரிய வீர விருது கிடைத்தது. பிறகு அதிகாரியாகி, கமாண்டர் பதவியில் ஓய்வு பெற்று, 2013ல் காலமானார். மன்ரோவுக்கு அவர் சிலை எதுவும் வைத்துவிடவில்லை. மறக்காமல் இருந்தார், கேட்டபோது சொன்னார். நினைவேந்தல் என்று யாரும் கணக்கில் எடுக்காத வேலை அது.

அம்மா

டெக்ஸ்டர் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். 1943 மே மாதம் வெள்ளை மாளிகையில் அதிபர் ரூஸ்வெல்ட் மகனின் பதக்கத்தை அவர்கள் கையில் கொடுத்தார். சாதாரணமாக ஒரு குடும்பத்தின் கதை இங்கே முடிந்துவிடும். பதக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும், ஆண்டுக்கொரு முறை தூசி தட்டப்படும்.

எடித் மன்ரோ அப்படி விடவில்லை. கடலோரக் காவல்படையின் மகளிர் பிரிவான ஸ்பார்ஸ் 1942 நவம்பரில்தான் தொடங்கப்பட்டிருந்தது. ‘எப்போதும் தயார்’ என்ற படையின் லத்தீன் முழக்கத்தின் முதலெழுத்துகளையும் அதன் ஆங்கில வடிவத்தின் முதலெழுத்துகளையும் சேர்த்து வைத்த பெயர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த எடித் அதில் லெப்டினன்ட் ஜூனியர் கிரேடு அதிகாரியாகச் சேர்ந்தார். கூடப் பயிற்சி பெற்றவர்களில் பலர் மகள் வயதுக்காரர்கள். மகன் அணிந்த படையின் சீருடையைத் தானும் அணிந்து போர் முடியும்வரை வேலை பார்த்தார்.

இதைப் படைக்கான விளம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. மெடல் ஆஃப் ஆனர் பெற்ற வீரனின் தாய் சீருடையில் நிற்கும் படம், ஆள் சேர்ப்புப் பிரிவுக்குக் கிடைத்த பெரிய வரம்தான். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் படத்துக்கு நிற்பதற்கு ஒரு நாள் போதும். இரண்டாண்டு அலுவல் தேவையில்லை. எடித் செய்ததை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மகன் பாதியில் விட்ட வேலைக்கு ஒரு ஆள் குறைகிறது, அந்த இடத்தில் நான் நிற்கிறேன். அஞ்சலி என்றால் எதையோ கொண்டுவந்து வைப்பது என்றுதான் நமக்குப் பழக்கம். அவர் தன்னையே கொண்டுபோய் வைத்தார்.

1944 மார்ச்சில் டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரக் கப்பல்தளத்தில், மகன் பெயர் கொண்ட கடற்படைப் போர்க்கப்பலை நீரில் இறக்கி வைத்தவரும் அவரே. 1947ல் குவாடல்கனாலில் இருந்து மகனின் உடல் எடுத்துவரப்பட்டு, கிளீ எலமில் லாரல் ஹில் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. எடித் 1983ல் இறந்தார். அவரும் கணவரும் மகனுக்குப் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்கள்.

கொடி

அடக்கம் நடந்த பிறகு ஊரில் நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே மிகக் குறைவாக எழுதப்பட்ட பகுதி.

மன்ரோவின் கல்லறை அருகே ஒரு கொடிக்கம்பம் உண்டு. அமெரிக்க வழக்கப்படி, இரவில் விளக்கு வெளிச்சம் இல்லையென்றால் கொடி சூரிய உதயத்தில் ஏறி அஸ்தமனத்தில் இறங்க வேண்டும். அப்படியானால் தினம் இரண்டு முறை யாராவது அங்கே போக வேண்டும். சிறுவயதில் மன்ரோவோடு வளர்ந்த ஊர்க்காரர் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். காலையில் நடந்து போய் ஏற்றுவார், மாலையில் நடந்து போய் இறக்குவார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்தது. முதுமையில் உடம்பு ஒத்துழைக்காதபோதுதான் அது மற்றவர்கள் கைக்கு மாறியது.

கிளீ எலம் குளிர்காலத்தில் பனி குவியும் ஊர். விறைத்துப்போன கயிற்றை வெறுங்கையால் அவிழ்க்க முடியாது. கையுறையோடு முடிச்சுப் போடவும் முடியாது. எந்தப் பத்திரிகையாளரும் வராத சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையிலும் அந்தக் கயிற்றோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் விஷயம். 1944ல் கப்பலுக்குப் பெயர் வைத்த பிறகு, மன்ரோ பெயரில் கடலோரக் காவல்படையின் சொந்தக் கப்பல் வர 1971 ஆனது. இடையில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு. அந்தக் காலம் முழுவதும் மன்ரோவின் பெயரால் நாள் தவறாமல் நடந்த ஒரே சடங்கு, ஒரு தனிமனிதர் கொடியேற்றி இறக்கியதுதான்.

தினமும் கொடி ஏறினால் ஊர்ப் பிள்ளைகள் அது யாருக்கு என்று கேட்பார்கள். ஊரில் நினைவு தங்குவது பெரும்பாலும் இப்படித்தான். இப்போதும் ஒவ்வொரு செப்டம்பர் 27 அன்றும் படை வீரர்களும் முன்னாள் வீரர்களும் அந்த மலையூர் மயானத்தில் கூடுகிறார்கள். கடலைக் காக்கும் படையின் முக்கிய யாத்திரைத் தலம், சியாட்டிலில் இருந்து மலைகளைக் கடந்து போக வேண்டிய ஓர் இடத்தில் இருக்கிறது.

அப்புறம் படை வந்தது

1971ல் சேவைக்கு வந்த மன்ரோ கட்டர் (கடலோரக் காவல்படை தன் ரோந்துக் கப்பல்களை அழைக்கும் பெயர் கட்டர்) ஐம்பது ஆண்டு ஓடி 2021ல் ஓய்வு பெற்றது. அந்தக் கப்பல் பிறகு இலங்கைக் கடற்படைக்குக் கொடுக்கப்பட்டு இப்போது விஜயபாகு என்ற பெயரில் ஓடுகிறது. ஒரு சிக்னல்மேனின் பெயர் அழிந்த இடத்தில் ஒரு மன்னன் பெயர். தமிழ் வாசகர்களுக்கு இதில் வேறு எண்ணங்களும் ஓடும், அது தனிக் கதை. 2017 ஏப்ரலில் சியாட்டிலில் இதே பெயருடன் புதிய, பெரிய கட்டர் சேவைக்கு வந்தது. இரண்டு கப்பலும் ஒரே காலத்தில் ஓடியதால் பழையதை ‘டக்ளஸ் மன்ரோ’ என்று முழுப்பெயரால் அழைக்க வேண்டியதாயிற்று.

இதைவிட முக்கியமான மாற்றம் வேறொன்று. சென்டினல் வகை என்ற புதிய ரோந்துப் படகுகள் 2012 முதல் வரத் தொடங்கின. அவை எல்லாவற்றுக்கும் அதிகாரி அந்தஸ்து இல்லாத சாதாரண வீரர்களின் பெயர்களையே வைப்பது என்று படை முடிவெடுத்தது. யோசனை சொன்னவரும் அந்த வரிசையிலிருந்து உயர்ந்த சார்லஸ் போவன். படையின் மூத்த மாஸ்டர் சீஃப் பதவியில் இருந்தவர். முதல் படகு, 1952 பிப்ரவரியில் கேப் காட் அருகே இரண்டாக உடைந்த பெண்டில்டன் எண்ணெய்க் கப்பலில் இருந்து 36 அடிப் படகில் 32 பேரை மீட்டு வந்த பெர்னார்ட் வெப்பரின் பெயரில். பத்தாவது, ரேமண்ட் எவன்ஸ் பெயரில். அது 2014ல் சேவைக்கு வந்தது, அவர் இறந்து ஓராண்டு கழித்து.

அட்மிரல்கள் பெயரையும் அமைச்சர்கள் பெயரையும் கப்பலுக்கு வைப்பது எளிது. அவர்களைப் பற்றிய ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கும். சாதாரண வீரருக்கு அப்படி எதுவும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் குடும்பத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது, பழைய புகைப்படம் கேட்க வேண்டியிருந்தது, கூட வேலை பார்த்தவரைக் கேட்க வேண்டியிருந்தது. வீட்டு அலமாரியில் இருந்த அஞ்சலிகள் அப்படித்தான் படையின் வரலாற்றுக்குள் வந்தன.

ஏழாவது படகு சார்லஸ் டேவிட் பெயரில். அவர் கறுப்பினத்தவர். அந்தக் காலத்தில் கறுப்பின வீரர்களுக்குப் பெரும்பாலும் உணவு பரிமாறும் பணிதான். 1943 பிப்ரவரி 3 அன்று கிரீன்லாந்து அருகே டார்செஸ்டர் என்ற துருப்புக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது, கோமான்சி கட்டரில் இருந்த டேவிட் உறைபனித் தண்ணீரில் இறங்கி, விரல் மடங்காமல் கிடந்தவர்களைத் தூக்கிவிட்டார். தன் கப்பலின் துணைத் தலைவரையும் மேலே ஏற்றினார். சில வாரங்களில் நிமோனியாவால் இறந்தார். டேவிட் என்ற மனிதரை நமக்குத் தெரியவைத்தது, உடன் பணியாற்றிய வெள்ளையின நண்பர் ஒருவர் முதுமைவரை சொல்லிவந்த நினைவுகள்: தான் சாக்ஸபோன் வாசித்தது, டேவிட் மவுத் ஆர்கன் வாசித்தது, அன்று இரவு வலையில் ஏற முடியாமல் தொங்கியபோது தன்னையும் டேவிட்தான் இழுத்துப் போட்டது. மவுத் ஆர்கன் எந்தச் சான்றுரையிலும் வராது.

சாட்சி இல்லாதவர்கள்

மன்ரோவுக்கு எவன்ஸ் இருந்தார். டேவிட்டுக்கு ஒரு நண்பர் இருந்தார். யாருமே திரும்பி வராவிட்டால்?

1918 செப்டம்பர் 26 அன்று இரவு, பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் டாம்பா கட்டரை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. கப்பலில் இருந்த அனைவரும் இறந்தார்கள். அதில் 111 பேர் கடலோரக் காவல்படையினர். கரை ஒதுங்கிய சில உடல்களை வேல்ஸில் லாம்ஃபி கிராமத்தார் தங்கள் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். 1928ல் ஆர்லிங்டன் மயானத்தில் பெரிய பாறை மேல் பிரமிடு வடிவ நினைவுச்சின்னம் எழுந்தது. டாம்பா ஆட்களின் பெயர்களோடு, அதே மாதத்தில் வெலிங்டன் என்ற சரக்குக் கப்பலைக் காப்பாற்றப் போய் இறந்த செனிகா கட்டரின் 11 பேர் பெயர்களும் அதில் செதுக்கப்பட்டன.

கல்லில் பெயர் இருந்தது. ஆனால் அந்த 111 பேரில் யாருடைய கடைசி வார்த்தையும் நமக்குத் தெரியாது. யார் சிரிக்க வைப்பவர், யார் சமையலறையில் திருடித் தின்பவர், எதுவும் இல்லை. சொல்வதற்கு ஆள் மிஞ்சவில்லை.

போரில் காயம்பட்டவருக்கும் இறந்தவருக்கும் தரப்படும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம்கூட அவர்களுக்கு 1999 வரை கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற ஒரு கடலோரக் காவல்படைக்காரர் இதைக் கவனித்து எழுப்பிய பிறகுதான் படை முடிவெடுத்தது. அப்புறம் வேறு சிக்கல் வந்தது. பதக்கம் தயார், வாங்க ஆள் எங்கே? இறந்தவர்களில் பலர் திருமணமாகாத இளைஞர்கள். நேரடி வாரிசு இல்லை. படையின் ஆவணக் காப்பாளர்கள் பழைய கணக்கெடுப்புப் பதிவேடுகளையும் குடும்ப வம்சாவளிகளையும் புரட்டி, சகோதரியின் பேரன், சித்தப்பா வழிக் கொள்ளுப்பேத்தி என்று ஒவ்வொருவராகத் தேட வேண்டியிருந்தது. தேடிப் போன இடத்தில் சிலருக்கு அப்படி ஒரு உறவினர் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

மன்ரோவையும் டாம்பா வீரர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேறுபாடு தியாகத்தின் அளவில் இல்லை. பின்னால் விட்டுப்போனவர்களில்தான் இருக்கிறது. இதனால்தான், கடலோரக் காவல்படைக்காரர் ஒருவருக்கு இன்று குடும்பம் அஞ்சலி எழுதும்போது பதவி, பணியாற்றிய கப்பல்கள், பதக்கங்கள் என்று நின்றுவிடுவது எனக்கு நஷ்டமாகத் தெரிகிறது. அவையெல்லாம் அலுவலகக் கோப்பில் எப்படியும் இருக்கும், கேட்டால் கிடைக்கும். கூடப் படகில் இருந்தவர் தொண்ணூறு வயதில் எங்கோ உட்கார்ந்திருப்பார். கேட்க வேண்டியது அவரிடம். எவன்ஸிடம் கேட்க 2013வரை நேரம் இருந்தது. டாம்பாவைப் பொறுத்தவரை அந்த வாய்ப்பு முதல் நாளே இல்லை.